ஓடுவது ஏழு

"எழுதுனது யாருன்னு தெரியற வரைக்கும் இந்த கிளாஸ்ல ஒருத்தருக்கும் ஹால் டிக்கெட் கிடையாது!"

முதல்வர் ராமதாஸ் மேசையைத் தட்டினார். மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் வகுப்பின் ஐம்பத்தெட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செமஸ்டர் தேர்வுக்கு இன்னும் நாலே நாள்.

பல்கலைக்கழக இணையதளத்தில், புகார்ப் பக்கத்தில், பெயர் போடாமல் யாரோ எழுதியிருந்ததைத் தாளில் எடுத்து வந்திருந்தார். உரக்கப் படித்தார்.

"'பேராசிரியர் முருகவேல் நடத்தும் மூன்று பாடங்களிலும் மாணவர்கள் இதுவரை ஒரு புரோகிராமைக்கூடத் தாங்களே ஓட்டிப் பார்த்ததில்லை. லேபில் நாற்பது கம்ப்யூட்டர் இருப்பதாகக் கல்லூரி சொல்கிறது. ஓடுவது ஏழு. புரோகிராமையும் அவரே போர்டில் எழுதுகிறார், அதற்கு வரும் விடையையும் அவரே எழுதுகிறார். இதற்குப் பெயர் பாடம் நடத்துவது அல்ல, ஏமாற்றுவது.' பாத்தீங்களா திமிர? பதினெட்டு வருஷம் சர்வீஸ் போட்ட மனுஷன். அவரு வேலைக்கே உலை வெச்சிட்டீங்க. விசாரணைக்கு ஆள் வராங்களாம்!"

முன் பெஞ்சில் அபிநயா அழ ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து அறிவுமதி எழுந்தாள்.

"நாந்தான் சார்."

மதியம் இரண்டு மணிக்கு அவளுடைய அப்பா அப்பாதுரை வந்து சேர்ந்தார். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரில் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர், அப்படியே கிளம்பி, மீதி தூரம் நடந்தே வந்திருந்தார். வேட்டி ஓரத்தில் செம்மண் இருந்தது.

"உக்காருங்க" என்று முதல்வர் சொல்லவில்லை.

"உங்க பொண்ணு வாத்தியார் மேல பொய்ப் புகார் போட்டிருக்கு. மன்னிப்புக் கடுதாசி ரெடி பண்ணிட்டேன். 'நான் எழுதியது பொய், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்'னு கையெழுத்துப் போடச் சொல்லுங்க. இல்லன்னா டி.சி.தான்."

அப்பாதுரை மகளைப் பார்த்தார். அப்பா இங்கேயே கையை ஓங்கிவிடுவாரோ என்று அறிவுமதி நினைத்தாள்.

"அதுல எழுதியிருக்கறது நெஜமா, பொய்யா?"

"எழுதியிருக்கறது அத்தனையும் நெஜம்பா."

"அப்புறம் இன்னாத்துக்கு பொய்யின்னு கையெழுத்து?"

ராமதாஸுக்கு முகம் சிவந்தது. "பெரியவரே, பொண்ணோட மூணு வருஷப் படிப்பு போயிடும்!"

"இன்னா சார் படிப்பு?" அறிவுமதிக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியவில்லை. "போன மாசம் சென்னைல இன்டர்வியூ. கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சு, ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டுன்னாங்க. எழுதிட்டேன் சார், பேப்பர்ல. ஓட்டத் தெரியல. பக்கத்துல ஒரு பொண்ணு என்னப் பாத்து சிரிச்சா. மூணு பாடத்துலயும் தொண்ணூறுக்கு மேல வாங்கியிருக்கேன் சார் நானு!"

"நீ வாங்குன மார்க்கு யாரு போட்டது? அந்த முருகவேல் சார்தானே? நன்றி வேணாம்?"

"மார்க்கு கம்மியா போட்டு, கத்துக் குடுத்திருந்தா நன்றி ஜாஸ்தியா இருந்திருக்கும்."

முதல்வர் கடிதத்தையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். "கடைசியா சொல்றேன். போடு."

அவள் பேனாவை எடுத்தாள். தட்டச்சு செய்திருந்த வரிகள் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள். கீழே கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'புகாரில் இருப்பது முழுக்க உண்மை. திரும்பப் பெற மாட்டேன். விசாரணையில் வந்து சொல்வேன்.' பெயர், பதிவு எண், கையெழுத்து.

அப்பாதுரை அந்தப் பேனாவை வாங்கி, பெற்றோர் என்ற இடத்தில் தன் பெயரை நிதானமாக எழுத்துக் கூட்டி எழுதினார்.

"கொழுப்பு!" ராமதாஸ் எழுந்து நின்றுவிட்டார். "முருகவேல் வேலூர்லேர்ந்து வந்துட்டே இருக்காரு. அவரு மூஞ்சியப் பாத்து இத சொல்லு, பாக்கலாம்."

அதுவரை வராத பயம் அப்போதுதான் அறிவுமதிக்கு வந்தது. முருகவேல் சார் வகுப்புக்குள் நுழைந்தால் ஃபேன் சத்தம் மட்டுந்தான் கேட்கும். ஒருநாள்கூடச் சிரித்துப் பார்த்ததில்லை. ஆனால் பாடம் நடத்திய மனுஷன். 'ஏமாற்றுவது' என்ற அந்த வார்த்தையை அவர் எப்படித் தாங்குவார்?

வேறொரு கல்லூரித் தேர்வு வேலைக்குக் காலையிலேயே போயிருந்த முருகவேல், தோள் பையைக்கூட இறக்காமல் உள்ளே வந்தார்.

"வாங்க சார்" என்றார் முதல்வர். "உங்க மானத்த வாங்குன ஆளு இதோ நிக்கிது. வாக்குமூலம் வேற எழுதிக் குடுத்திருக்கு. நீங்களே கேளுங்க."

முருகவேல் தாளை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். அறிவுமதி கண்களைத் தாழ்த்தாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார்:

"நான் போட்ட புகாருக்கு நீ ஏம்மா கையெழுத்துப் போட்டிருக்க?"