இரு கரைக்கும் ஒரு நீதிபதி

ஒரு குட்டையின் வடகரையில் தவளைகளும் தென்கரையில் நண்டுகளும் இருந்தன. கரைக்கொரு நீதிமன்றம். எந்தக் கரையிலும் சொந்த இனத்தான் தண்டனை பெற்றதில்லை.

கோடையில் குட்டை வற்றத் தொடங்கியதும், தங்களைப் பக்கத்துப் பேரேரியோடு சேர்த்துக்கொள்ளும்படி இரு தலைவர்களும் கேட்டார்கள். ஏரியின் சார்பில் வந்த நீர்நாய், "முதல்ல ரெண்டு கரைக்கும் ஒரே நீதிபதி வரட்டும். அப்புறம் மடையைத் திறக்கிறோம்" என்றது.

ஆமையை நியமித்தார்கள். "நம்ம ஆளுங்களைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று இரு தலைவர்களும் தனித்தனியே வந்து காதைக் கடித்தார்கள்.

முதல் வழக்கில், நண்டு வளைகளைச் சேற்றால் அடைத்த தவளைத் தலைவரின் மைத்துனன் குற்றவாளி என்றது ஆமை. அடுத்த வழக்கில், தவளை முட்டைகளை நசுக்கிய நண்டுத் தலைவரின் தம்பி குற்றவாளி என்றது. அதன்பிறகு இரு கரையிலும் ஆமையோடு பேச ஆளில்லை. தன்னால் மடை திறக்காமலே போய்விடுமோ என்று அதற்குப் பயமாக இருந்தது.

தலைவர்கள் இருவரும், வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து, ஆமையை நீர்நாயிடம் இழுத்துப் போனார்கள்.

"இவரை மாத்தணும். இவர் நண்டுங்க ஆளு" என்றது தவளை.

"பொய்! இவர் தவளைங்க ஆளு" என்றது நண்டு.

நீர்நாய் ஆமையிடம் திரும்பியது. "நீங்க என்ன சொல்றீங்க?"

"என்னை வேணும்னா மாத்துங்க. தீர்ப்பை மாத்தாதீங்க."

நீர்நாய் வாய்க்காலில் இறங்கி மடைப்பலகையைத் தூக்கியது. ஏரித் தண்ணீர் மூவரின் காலையும் நனைத்தபோதும், ஆமை யாருடைய ஆள் என்று தலைவர்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.