ஊதிக் காட்டியவர்

குடித்துவிட்டு வேன் ஓட்டியதாகப் பிடிபட்ட மரியசூசைக்கு லைசென்ஸ் போய்விடும் நிலைமை. அவனுடைய வக்கீல் அருமைநாயகம் கொஞ்சமும் அசரவில்லை. "மெஷின்தான் கோளாறுங்கய்யா. நானே ஊதிக் காட்டுறேன், பாருங்க" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிட்டு, காலை பதினொரு மணிக்கு நீதிமன்றத்தில் எல்லோர் முன்னாலும் ஊதினார். முப்பதைத் தாண்டினாலே குற்றம்; மெஷின் அறுபத்திரண்டு காட்டியது. "பாத்தீங்களா!" என்று அதைத் தூக்கிப் பிடித்தார். மெஷினைக் கொண்டுவந்திருந்த இன்ஸ்பெக்டர் அதை வாங்கித் தட்டித் தட்டிப் பார்த்தார். மரியசூசைக்கு விடுதலை. வெளியே வந்து வக்கீல் தன் கார்க் கதவைத் திறந்தபோது, மரியசூசை குறுக்கே நின்று கையை நீட்டினான். "சாவியைக் குடுங்க சார், இன்னைக்கு நான் ஓட்டுறேன். அந்த மெஷின் எனக்கும் சரியாத்தான் காட்டுச்சு."