பின்கண்ணாடி

பிளேடு 'கோகில'வைத் தின்றுவிட்டிருந்தது.

பின்கண்ணாடியில் 'வாணி' மட்டும் மிச்சம்.

அவள் மூச்சிரைக்க வந்து நின்றாள். பஸ்ஸை விட்டு இறங்கி, பைபாஸ் ஓரமாகவே ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள். வழியில் வார் அறுந்த செருப்பை விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது.

பழைய கார் விற்கிறவன் குனிந்தபடியே ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இந்தக் காரு வேண்டாமுங்க."

அவன் நிமிர்ந்தான். அடையாளம் தெரிந்தது. அட்வான்ஸ் கொடுத்த அன்று நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவள். மகளின் கல்யாணச் சீருக்கு எடுத்த கார். முழுப் பணம் கட்டும் முன்பே மகள் பேரை ஒட்டியாக வேண்டும் என்று அவள் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார்.

வியாழக்கிழமை வாணி, தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள்.

"அட்வான்ஸ் திரும்ப வராதுங்கக்கா."

"வர வேண்டாம். அவருக்குக் காரைக் கொடுக்காதீங்க. அது போதும்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பணமே வேண்டாம்னு கேன்சல் பண்றவங்களை இப்பத்தான் பாக்கறேன். அண்ணன் மீதியோட வந்துட்டே இருக்கறாரு. அவரு வந்து சொல்லோணுமுங்க. நீங்க சொன்னா ஆகாது."

பிளேடை மறுபடியும் கண்ணாடியில் வைத்தான். சுரண்டிக்கொண்டே, அண்ணன் போனில் சொன்னதையெல்லாம் சொன்னான். ஒட்டின பேரைச் சுரண்டிவிட வேண்டுமாம். ஆர்.சி. புக்கில் பேர் மாற்ற வேண்டாமாம். பழைய ஓனர் பேரிலேயே இருக்கட்டுமாம். கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டுமாம்.

"போலீஸ் புடிப்பாங்கன்னு சொன்னேன். ரெண்டு நாளைக்குத்தானப்பான்னாரு."

ரெண்டு நாளைக்கு.

வியாழனிலிருந்து அவர் அவளை அடிக்கவில்லை. ரசத்தில் உப்புக் கூடினால் தட்டைச் சுவரில் எறிகிறவர். இப்போது உப்புப் பார்க்காமல் சாப்பிட்டார். மறுசோறு கேட்டார்.

அடித்திருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

இன்று காலை கொழுந்தன் வந்து, வாணி இருக்கும் ஊரைச் சொன்னான். தெருவைக்கூடச் சொன்னான். அவர் தலையாட்டினார். வரும்போது நல்ல கயிறாக வாங்கிக்கொள் என்றார். அடுப்படியில் நிற்பவளுக்கும் காது கேட்கும் என்பது அவர்களுக்கு நினைவில்லை.

கழற்றிப் போட்ட டயருக்குப் பக்கத்தில் ஒரு ஜாக்கிக் கம்பி கிடந்தது.

அவள் எடுத்தாள்.

முதல் அடியில் முன்கண்ணாடி நடுவில் வெள்ளையாகப் பூத்தது. இரண்டாவதில் குழிந்தது. அடுத்த அடியில் கம்பி உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது. பிடுங்கினாள். ஹெட்லைட். இன்னொரு ஹெட்லைட். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பொடிந்து அவள் ரவிக்கைக்குள் கொட்டியது. உள்ளே கையை விட்டு ஸ்டீயரிங்கை அடித்தாள். ஹாரன் ஒரு தரம் அலறி அடங்கியது. மணிக்கட்டிலிருந்து ரத்தம் சீட்டில் சொட்டியது.

ஒரு பல்லியைக்கூட அடித்தறியாதவள்.

கம்பி இறங்கும்போதெல்லாம் நன்றாக இருந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது. மேலும் அடித்தாள்.

விற்கிறவன் பின்னாலிருந்து இழுத்தான். அவன் புறங்கையைக் கடித்தாள். தோல் கிழிந்து வாயெல்லாம் உப்பு.

"பைத்தியம் புடிச்சிருச்சா உங்களுக்கு," என்றபடியே அவன் கம்பியைப் பறித்துக்கொண்டான்.

அப்போது பைக் வந்து நின்றது.

அவரும் கொழுந்தனும்.

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். அவள் கொண்டையைப் பிடித்து பானெட்டில் மோதினார். ஒரு தரம். மறு தரம். அவசரமே இல்லாமல், தேங்காய் உடைக்கிற மாதிரி.

அவள் சரிந்து உட்கார்ந்தாள். மண்ணில் ஒரு பல் கிடந்தது. தன்னுடையதுதானா என்று நாக்கால் தேடினாள்.

அவர் கைக்குட்டை எடுத்து விரல்களைத் துடைத்தார்.

"உடைஞ்சதுக்கும் சேத்து எழுதிக்கப்பா."

பிறகு, அடுத்து நின்ற வெள்ளைக் காரைக் காட்டினார்.

"அது ஓடுமா?"

விற்கிறவன் கடிபட்ட கையை வாயில் வைத்துக்கொண்டு, உடைந்த காரைப் பார்த்தான். மற்ற எல்லாக் கண்ணாடியும் போயிருந்தது. பின்கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. கம்பி அந்தப் பக்கமே போகவில்லை.

'வாணி' அப்படியே இருந்தது.

பைக்கின் பின்சீட்டில் புது நைலான் கயிறு சுருட்டிக் கட்டியிருந்தது. கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. அவன் அதையும் பார்த்தான்.

தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தான்.

"ஓடுமுங்க," என்றான். "நல்லாவே ஓடும். வாங்க, ஆபீஸ்ல உக்காந்து பேசலாம்."

அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். அவன் பின்னால் போனான். கம்பி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. வெள்ளைக் காரைக் கடக்கையில், சத்தம் வராமல், அதை அவள் கைக்கு எட்டும்படி அந்தக் காரின் கதவோரம் சாய்த்து வைத்தான்.

உள்ளே போனதும், ஏசி போட்டிருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

தாழ்ப்பாளும் போட்டான்.