நம்ப முடியாத புருஷன்

எழுத்தாளரான மனைவி, தன் நாவலைப் பற்றிய வாசகர் கருத்துகளைக் கைப்பேசியில் படித்துச் சிரித்தாள். கணவன் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“பௌர்ணமியானா கதாநாயகி ஓநாயா மாறுறதை எல்லாரும் நம்புறாங்க. அவளுக்கு அப்படியொரு புருஷன் இருக்கான்னுதான் நம்ப முடியலையாம்!”

“ஏனாம்?”

“ஆபீஸ் விட்டு வந்து பாத்திரம் தேய்ச்சு, பொண்டாட்டிக்குத் தலையும் வாரிவிடுவானாங்கறாங்க. நான் காதுல பூ சுத்துறேனாம்.”

“அடப்பாவிகளா!” என்றவன் ஜன்னலைப் பார்த்தான். எதிர்வீட்டு மாடிக்கு மேல் முழுநிலா எழுந்துகொண்டிருந்தது.

“கம்மலைக் கழட்டிக் கொடு. போன தடவையே ஒண்ணைத் தொலைச்சுட்டே.”

கம்மலை நீட்டிய கையில் அதற்குள் சாம்பல் நிற ரோமம் அடர்ந்திருந்தது.

“தலை வாரிவிடுறதை மட்டும் எழுதிட்டே,” என்றான், சீப்பை எடுத்தபடி. “அந்த வாலுக்கு மணிக்கணக்கா சிக்கு எடுக்கறேனே, அதை யாரு எழுதுவா?”