கேலரிக்குப் பின்னால்

பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் மகன் ரஸ்ஸலின் அணி தோற்கத் தொடங்கியதும் டுவேன் எழுந்தான். "காபி வாங்கிட்டு வரேன்."

போன வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் போனான், காபி வரவில்லை. முன்வரிசையில் லோர்னாவின் இடமும் அன்று போலவே காலி. புருஷனை விட்டுப் பிரிந்தவள். டுவேனின் மனைவி மார்வா பல்லைக் கடித்துக்கொண்டு கேலரிக்குப் பின்னால் போனாள்.

இருவரும் அங்கேதான் இருந்தார்கள்.

"காபி ரொம்பச் சூடோ?"

சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடி நின்ற டுவேன் அசையவில்லை. "கத்தாதே மார்வா. நான் பார்த்தா நம்ம பையன் பந்தை நழுவ விட்டுடறான்."

"நான் பார்த்தா என் பையன் அடிபட்டுடறான்," என்றாள் லோர்னா, அவளும் சுவரிடம்.

"இதை நான் நம்பணுமாக்கும்!"

கேலரி அதிர்ந்தது. ஒலிபெருக்கி அலறியது: "எதிரணி எறிஞ்ச பந்தை ரஸ்ஸல் பறிச்சுட்டான்! எல்லைக்கோடு வரைக்கும் ஓடறான்... டச் டவுன்! ஆறு பாயிண்ட்!"

மார்வா படியேற ஓடினாள். டுவேன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"போகாதே! நாங்க ரெண்டு வாரமா இங்க நின்னு ஒண்ணும் நடக்கல. நீ எழுந்து வந்ததும்தான் ஆட்டமே திரும்பியிருக்கு."

மார்வா யோசித்தாள். பிறகு இருவருக்கும் நடுவில் புகுந்து நின்று, கண்களை இறுக மூடிக்கொண்டாள்.