நாற்பத்தோராவது அட்டை

பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுக் குசினியில் சிற்றலை வானொலி வெறுமனே இரைகிறது. நிலையம் இதே மொன்றியலில்தான் இருக்கிறது. ஒலிபரப்பு வெளிநாட்டாருக்கு என்பதால் உள்ளூர்க்காரரின் தலைக்கு மேலே பாய்ந்து போய்விடுகிறது. அக்னெஸின் கணவர் அல்பேட், கணினியில் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே, வானொலியில் கேட்டதாக நிலையத்துக்குக் கடிதம் எழுதுகிறார். வானொலியில் கேட்டு எழுதும் நேயருக்கு மட்டும் படம் போட்ட அட்டை வரும். ‘தெளிவு: ஐந்துக்கு ஐந்து’ என்று முத்துமுத்தாக எழுதுகிறார். பக்கத்தில் நாற்பது அட்டைகள் ஒட்டிய ஆல்பம். நிலையத்தின் சரித்திரமே அதற்குள் இருக்கிறது. கூறைச்சேலையை விட்டுவிட்டு அக்னெஸ் மன்னாரிலிருந்து சுமந்து வந்தது அதைத்தான்.

“பொய் எழுதிப்போட்டு ஞாயிறு பூசையில நன்மை வாங்கப் போறியளோ?”

“எல்லாரும் செய்யிறதுதானேயப்பா.”

“அப்ப மற்ற நாப்பதும்?”

அல்பேட் பேனா மூடியைத் தேடுகிறார். அக்னெஸ் கொதிக்கும் சோற்றுப்பானையை இறக்கி ஆல்பத்தின்மேல் வைக்கிறாள்.