மெதுவாய் ஓடும் வித்தை

இதை முதலிலை எனக்குச் சொன்னவ குருநகர் மக்டலீன் அக்கா. தொண்ணூற்றிரண்டிலை, மண்ணெண்ணெய்க்கு வரிசையிலை நிக்கேக்குள்ளை சொன்னவ.

அவவின்ரை தம்பி பிலிப்பு சைக்கிளிலை மீன் கொண்டு திரியிறவன். பின் ரயர் வெடிச்சு, தையல் போட்டு ஓடின காலம். புது ரயர் எங்கை தேடினாலும் இல்லை. அந்த முறை கோயில் திருநாளுக்கு மெதுவான சைக்கிள் ஓட்டம் வைச்சவை. பரிசு ஒரு சோடி ரயர்!

கால் ஊண்டாமல் கடைசியாய் வந்து சேருறவனுக்குத்தான் வெற்றி. பிலிப்பு ஒவ்வொரு முறையும் முதல் ஆளாய்ப் போய்ச் சேர்ந்து தோக்கிறவன்.

வருசா வருசம் வெல்லுறவன் பக்கத்துக் கோயில் பங்குச் சிமியோன். பிலிப்பு அவனிட்டையே போனான்.

“அண்ணை, உங்களைப் பாத்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. வித்தையைச் சொல்லித் தாங்கோ.”

சிமியோன் அவனை மேலும் கீழும் பாத்தான்.

“விடியப் பூசைக்கு எங்கடை லூர்த்தம்மாக் கிழவியைக் கரியரிலை ஏத்திக்கொண்டு போ. ஒரு மாதம். வேறை வித்தை இல்லை.”

லூர்த்தம்மா நல்ல பாரமான மனிசி. கண் ஒப்பரேசன் செய்தவ, குலுங்கக்கூடாது. போற வழியெல்லாம் செபமாலை.

“மெல்ல, மோனை! பள்ளத்திலை விடாதை. அருள் நிறைந்த மரியாயே...”

கோயில் வாசல் தெரிஞ்சால் முதுகிலை ஒரு தட்டு.

“உதென்ன அவசரம்? செபமாலை இன்னும் முடியேல்லை. கோயிலை ஒருமுறை சுத்திக்கொண்டு வா!”

மக்டலீன் அக்காவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“எடேய் விசரா, தன்ரை தாயை உன்னைக்கொண்டு சுமக்க வைக்கிறான். உவன் உனக்கு வித்தை சொல்லித் தருவானே?”

“சம்பியன் சொன்னால் சும்மாவே இருக்கும்?” எண்டு பிலிப்பு சைக்கிளை உழக்கினான்.

போட்டி நாள். ஒவ்வொருத்தராய்க் கால் ஊண்டிச்சினம். பிலிப்பு செபமாலை சொல்லிச் சொல்லி நத்தை மாதிரி ஊர்ந்தான். அரைவாசியிலை சிமியோனும் காலை ஊண்டிப்போட்டான். ரயர் பிலிப்புக்கு!

மக்டலீன் அக்கா நேரே சிமியோனிட்டைப் போனா.

“தாயைச் சுமக்க ஆள் பிடிச்சியே, இப்ப ரயர் போச்சுது பாத்தியே?”

“தாயோ? என்ரை அம்மா எப்பவோ செத்துப்போனா, அக்கா. உவ சண்டையிலை மயிலிட்டியிலையிருந்து ஓடிவந்து அகதி முகாமிலை தனிய இருக்கிறவ. உங்கடை தம்பி வரும்வரைக்கும் நான்தான் ஏத்தினனான். இனி நான் முல்லைத்தீவுக்குத் தொழிலுக்குப் போறன்.”

“அதுக்கு?”

“சும்மா ஏத்தச் சொல்லி எத்தினை பேரைக் கேட்டன், ஒருத்தரும் வரேல்லை. வெல்லுற வித்தை எண்டவுடனை உங்கடை தம்பி ஓடிவந்தான்.”

“அப்ப நீ ஏன் காலை ஊண்டினாய்?”

“இனியும் உங்கடை தம்பி தையல் போட்ட ரயரிலை ஏத்தினால் மனிசி குலுங்குமெல்லே, அக்கா?”

பிள்ளையள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகேக்குள்ளை கரியரை வெறுமையாய்க் கொண்டுபோகாதேங்கோ.